கீழே போட்ட சீட்டைத் திரும்ப எடுக்கலாமா?

ஏமாற்று வழக்கைத் தீர்ப்பது நடுவருக்கு அவ்வளவு சிரமமில்லை. சீட்டை ஒளித்தவர் ஒளித்தவர்தான். ஆதாரம் கிடைத்துவிட்டால் பேச்சு முடிந்தது. என்னை அதிகம் யோசிக்க வைப்பது வேறு வகை வழக்கு. ஒருவர் தோற்றுவிட்டதாக நினைத்துக் கையிலிருந்த சீட்டைக் கீழே போடுகிறார். எதிராளி எல்லாவற்றையும் அள்ளுகிறார். பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்த யாரோ, “ஏன் போட்டீங்க? நீங்க இன்னும் தோக்கலையே” என்கிறார். அதற்கப்புறம்தான் நடுவரைத் தேடுகிறார்கள். அந்த மேசையில் யாரும் பொய் சொல்லவில்லை, யாரும் திருடவில்லை. ஆனாலும் இரண்டு பேரில் ஒருவர் மனம் நொந்துதான் எழுந்து போவார்.

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் நான் மூன்று விதமான மேசைகளில் இந்த வழக்கைப் பார்த்திருக்கிறேன். சாட்ஸ்வொர்த்தில் கோயில் நிதிக்காக மண்டபத்தில் நடக்கும் துனீ என்ற சீட்டாட்டப் போட்டி, வார நாளில் பெரியவர்கள் கூடும் பிரிட்ஜ் மேசை, பிள்ளைகளும் இளைஞர்களும் மேஜிக் தி கேதரிங் என்ற சீட்டாட்டம் ஆடும் கடை மேசை. மூன்றிலும் கூட்டம் இரண்டாகப் பிரிவது ஒரே மாதிரிதான். ஒரு பக்கம், “போட்டது போட்டதுதான், அது அவர் தலையெழுத்து.” இன்னொரு பக்கம், “மனுஷன் தெரியாமப் போட்டுட்டான், விடுங்க, மறுபடி ஆடட்டும்.” முதல் கட்சி கண்டிப்பானது, இரண்டாவது இரக்கமுள்ளது என்று தோன்றும். என்னைக் கேட்டால் இரண்டுமே ஒரு கேள்வியைக் கேட்காமல் தீர்ப்புக்குப் போய்விடுகின்றன. இந்த ஆட்டத்தில் விட்டுக்கொடுப்பது என்றால் என்ன? அது ஒரு செயலா, சீட்டுகளைப் பற்றிச் சொன்ன ஒரு கூற்றா? செயல் என்றால் நடந்ததா இல்லையா என்று மட்டும்தான் பார்க்கலாம். கூற்று என்றால் சரியா தப்பா என்றும் பார்க்கலாம். தீர்ப்பு முழுவதும் இந்த வித்தியாசத்தில்தான் நிற்கிறது.

மேஜிக்கை முதலில் எடுத்துக்கொள்கிறேன், அங்கே விடை நேரடியானது. ரிச்சர்ட் கார்ஃபீல்ட் உருவாக்கி 1993-ல் வெளிவந்த ஆட்டம் அது. அதன் விரிவான விதிநூலில் 104.3a என்ற விதி, ஓர் ஆட்டக்காரர் எந்த நேரத்திலும் விட்டுக்கொடுக்கலாம், விட்டுக்கொடுத்தவர் உடனே ஆட்டத்தை விட்டு வெளியேறித் தோற்கிறார் என்கிறது. அவர் விட்டுக்கொடுக்க எதிராளி சம்மதிக்க வேண்டியதில்லை, அதற்கு மறுவினை ஆடவும் முடியாது. காரணம் சரியாக இருந்ததா என்றும் விதி கேட்பதில்லை. எழுந்து போக ஒருவருக்கு இருக்கும் உரிமை அது. ஆகவே மேஜிக் நடுவரிடம், “நான் நிஜமாவே தோத்திருந்தேனா?” என்று கேட்பதில் பயனில்லை. நடுவர் தேடுவது ஒன்றைத்தான்: விட்டுக்கொடுத்தல் நடந்ததா?

சிக்கல் அங்கேதான் ஆரம்பிக்கிறது, ஏனென்றால் மேசையில் யாரும் விதிநூல் மொழியில் பேசுவதில்லை. ஒரு பையன் எதிராளியின் தாக்குதலைப் பார்க்கிறான், ஏழு சேதம் என்று எண்ணுகிறான், தனக்கு ஏழு உயிர்ப் புள்ளிதான் மிச்சம், எல்லாம் போய்விடும் என்று நினைத்து, “குட் கேம்” என்று கையை நீட்டுகிறான். எதிராளி கையைக் குலுக்குகிறான். இருவரும் சீட்டை வாரிக் கட்டோடு சேர்க்கிறார்கள். அப்புறம் பார்த்தால் காகிதத்தில் எட்டு என்று இருக்கிறது. இதில் விட்டுக்கொடுத்தல் நடந்துவிட்டது. கை நீட்டியதோடு சீட்டையும் வாரிய பிறகு வேறு பொருள் சொல்ல இடமில்லை. கை மட்டும் நீட்டி, சீட்டு எல்லாம் இருந்த இடத்திலேயே இருந்திருந்தால் நான் இன்னும் கேள்வி கேட்பேன். “சரி” என்று மட்டும் சொல்லியிருந்தால் இன்னும் அதிகம் கேட்பேன். தாக்குதல் வருகிறது என்பதை ஏற்பதற்கும் “சரி”தான், தோல்வியை ஏற்பதற்கும் “சரி”தான்.

கேட்கும் விதமும் முக்கியம். இருவரையும் ஒரே இடத்தில் நிறுத்திக் கேட்டால் ஒருவர் சொன்னதை வைத்து மற்றவர் தன் கதையைத் திருத்திக்கொள்வார். பெரும்பாலும் கெட்ட எண்ணத்தில் அல்ல, நினைவு அப்படித்தான் வேலை செய்கிறது. தனித்தனியாக மேசையை விட்டு நகர்த்தி, “என்ன நினைச்சே?” என்று கேட்காமல், “என்ன வார்த்தை சொன்னே? அப்ப உன் கை எங்க இருந்தது?” என்று கேட்க வேண்டும். நினைத்ததைக் கேட்டால் வாதம்தான் வரும். செய்ததைக் கேட்டால் சாட்சியம் வரும்.

மூன்று ஆட்டத்தில் இரண்டு வெல்ல வேண்டிய சுற்றுகளில் இன்னொரு குழப்பம் வரும். “நான் விடுறேன்” என்று ஒருவர் சொன்னது இந்த ஓர் ஆட்டத்தையா, முழுச் சுற்றையுமா? முதல் ஆட்டத்தில் சொல்லப்பட்டால் ஆட்டத்தை என்றுதான் எடுத்துக்கொள்வேன், முழுச் சுற்று என்று தெளிவாகச் சொல்லியிருந்தால் தவிர.

எட்டை ஏழு என்று யார் நம்பவைத்தார் என்பதையும் நடுவர் விடக் கூடாது. மேஜிக் போட்டி விதிகளில் உயிர் எண்ணிக்கையைத் தவறாகச் சொல்வதற்கு இடமில்லை. பையன், “எனக்கு எவ்வளவு இருக்கு?” என்று கேட்டு, எதிராளி எட்டு என்று தெரிந்தே ஏழு என்றிருந்தால் அது ஏமாற்று, போட்டியிலிருந்தே வெளியேற்றும் குற்றம். ஆனால் யாரும் எதுவும் கேட்கவில்லை, பையன் தானாக மனத்துக்குள் தப்பாக எண்ணினான், எதிராளி சும்மா இருந்தான் என்றால் எதிராளி மேல் குற்றமில்லை. மற்றவர் மனக்கணக்கைத் திருத்திக்கொடுக்கும் கடமை அந்த ஆட்டத்தில் இல்லை.

இதைக் கேட்டு ஒரு தாய் என்னிடம், “அப்ப நேர்மைக்கு என்ன அர்த்தம், அண்ணா?” என்று வருத்தப்பட்டார். அவர் வருத்தம் நியாயமானது. ஆனால் மேஜிக்கில் ஆட்டத்தைத் திரும்பக் கட்டியெழுப்ப முடியாது. வாரிய சீட்டு கட்டில் கலந்துவிட்டது. எடுக்காத சீட்டுகளின் வரிசை இருவருக்கும் தெரியாத ரகசியம், அது கலைந்தால் அதே வரிசை மறுபடி வராது. கலையாவிட்டாலும், கையிலிருந்ததை எதிராளி பார்த்திருப்பான். திருப்பிக் கொடுக்க அங்கே பழைய ஆட்டம் மிச்சமில்லை. ஒரு முடிவை எடுத்த பிறகு ஆட்டக்காரருக்குப் புதிதாக எந்தத் தகவலும் கிடைத்திருக்காவிட்டால், அதை மாற்றிக்கொள்ள நடுவர் அனுமதிக்கலாம் என்று போட்டி விதிகளில் ஒரு சலுகை உண்டு. ஆட்டம் முடிந்துபோன பின் அந்தச் சலுகை எட்டாது என்பதுதான் என் வாசிப்பு.

பிரிட்ஜ் இதற்கு நேர் எதிர். இந்த வழக்கை மனித ஆட்டங்களிலேயே மிக ஆழமாக யோசித்தது பிரிட்ஜ் விதிநூல்தான் என்று நான் நம்புகிறேன். ஹரால்ட் வாண்டர்பில்ட் 1925-ல் புள்ளி முறையை வகுத்த காலம் முதல் பல முறை திருத்தி எழுதப்பட்ட விதிகள். இப்போது நாங்கள் வைத்திருப்பது 2017 பதிப்பு. அதில் 68 முதல் 71 வரை நான்கு விதிகள், மீதிப் பிடிகள் (ஆளுக்கொரு சீட்டு இறக்கி ஒருவர் வெல்வது ஒரு பிடி) எனக்கு என்று உரிமை கோருவதையும் உனக்கு என்று விட்டுக்கொடுப்பதையும் பற்றி மட்டுமே பேசுகின்றன.

71-ஆம் விதி, விட்டுக்கொடுத்தது விட்டுக்கொடுத்ததுதான் என்று கண்டிப்பாகத் தொடங்குகிறது. அதே மூச்சில் இரண்டு விலக்கு தருகிறது. ஒன்று, ஏற்கெனவே தன் பக்கம் வென்ற பிடியை ஒருவர் விட்டிருந்தால். இரண்டு, மீதிச் சீட்டுகளை இயல்பாக எப்படி ஆடினாலும் தோற்க முடியாத பிடியை விட்டிருந்தால். இந்த இரண்டிலும் டைரக்டர், அதாவது பிரிட்ஜ் நடுவர், விட்டுக்கொடுத்தலை ரத்து செய்ய வேண்டும். ‘செய்யலாம்’ அல்ல, ‘செய்ய வேண்டும்’. திருத்தம் கேட்பதற்கான கால வரம்புக்குள் கேட்டால் போதும். போட்டி நடத்துபவர்கள் வேறு நேரம் வைக்காவிட்டால் அது, புள்ளிகள் பார்வைக்கு வந்ததிலிருந்து 30 நிமிடம். இயல்பான ஆட்டம் என்றால் என்ன என்பதையும் அடிக்குறிப்பு சொல்கிறது: அந்தத் தரத்து ஆட்டக்காரர் கவனக்குறைவாகவோ மட்டமாகவோ ஆடக்கூடியதும் அதில் அடக்கம்.

அந்த அடிக்குறிப்பில்தான் தீர்ப்பின் உயிர் இருக்கிறது. துருப்பில்லாத ஆட்டம் என்று வைத்துக்கொள்வோம். கடைசிப் பிடி, எல்லார் கையிலும் ஒவ்வொரு சீட்டு. என் கையில் கிளாவர் ஆறு, இறக்க வேண்டியதும் நான். ஆறுக்கு மேலுள்ள கிளாவர் எல்லாம் போய்விட்டது, நான் அதைக் கவனிக்கவில்லை. “இது உங்களுக்கு” என்று கீழே வைக்கிறேன். டைரக்டர் வந்தால் அந்தப் பிடி எனக்கே திரும்பி வரும். ஒரே சீட்டுதான், எவ்வளவு கவனக்குறைவாக ஆடினாலும் அதைத்தான் இறக்கியாக வேண்டும், இறக்கினால் வெல்லும்.

இப்போது அதே கிளாவர் ஆறோடு தோற்கக்கூடிய ஓர் ஆட்டின் (ஹார்ட்) சீட்டும் இருக்கிறது. இரண்டு பிடி பாக்கி, முதலில் இறக்க வேண்டியவன் நான்தான். “இரண்டும் உங்களுக்கு” என்கிறேன். கிளாவரை முதலில் இறக்கினால் ஒரு பிடி வரும். ஆட்டினை முதலில் இறக்கினால் எதிராளி பிடித்துக்கொண்டு, அடுத்து ஓர் இஸ்பேட்டை இறக்குவார். என் கிளாவர் ஆறு அதன் கீழே வீணாகப் போகும். ஆறு பெரிய சீட்டு என்று எனக்குத் தெரியாது, நான் விட்டுக்கொடுத்ததே அதற்குச் சாட்சி. தெரியாதவன் ஆட்டினை முதலில் இறக்கியிருக்க மாட்டான் என்று யார் உறுதி சொல்வது? ஆகவே இங்கே விட்டுக்கொடுத்தது நிற்கும். கூடுதலாக ஒரு சீட்டு இருப்பதால் தீர்ப்பு தலைகீழாகிறது. இதைப் புதியவர்களுக்குச் சொன்னால் முதலில் கோபப்படுவார்கள். சீட்டுகளை மேசையில் விரித்து இரண்டு வரிசையிலும் ஆடிக் காட்டினால் ஏற்றுக்கொள்வார்கள். டைரக்டர் அங்கே இரக்கத்தையோ கண்டிப்பையோ அளக்கவில்லை. அந்த நான்கு கைகளிலும் உள்ள சீட்டுகள் என்ன செய்திருக்கும் என்று மட்டும் பார்க்கிறார்.

அப்படிப் பார்க்க முடிவதற்குக் காரணம் மேசையின் ஒழுங்கு. போட்டி பிரிட்ஜில் ஆடிய சீட்டை நடுவே போட்டு அள்ளுவதில்லை. ஒவ்வொருவரும் தம் சீட்டைத் தம் முன்னால் கவிழ்த்து வைப்பார்கள். வென்ற பிடிக்கு ஒரு திசை, தோற்ற பிடிக்கு ஒரு திசை. முடிந்ததும் பதின்மூன்று சீட்டும் பலகையில் அவரவர் பையிலேயே போகும். எந்தப் பிடியில் யார் எதைப் போட்டார் என்று பிறகும் திரும்பி நடந்து பார்க்கலாம். நியாயமான விதி இருந்தால் மட்டும் போதாது, அதை நிறைவேற்றத் தடயமும் மிஞ்ச வேண்டும்.

போக்கரும் ஒருவகையில் இதையே சொல்கிறது. போட்டி இயக்குநர்கள் பின்பற்றும் டிடிஏ விதிகளில், கடைசியில் காட்டும் நேரத்தில் ஒருவர் சீட்டைக் கவிழ்த்துத் தள்ளிவிட்டால் மட்டும் அது செத்துவிடாது. எது அவருடையது என்று நூற்றுக்கு நூறு அடையாளம் தெரிந்து, எடுக்கவும் முடிந்தால் அவர் மனம் மாறித் திருப்பிக் காட்டலாம். கழிவுக் குவியலில் கலந்துவிட்டால் முடிந்தது. “என்கிட்ட ஃப்ளஷ்” என்று எதிராளி வாயால் சொன்னதை நம்பிச் சீட்டைத் தள்ளுவது பெரிய அபாயம். வாயால் சொன்னது அவரைக் கட்டாது, சீட்டு சொல்வதுதான் கணக்கு. வேண்டுமென்றே தப்பாகச் சொன்னவருக்குத் தண்டனை கிடைக்கலாம், ஆனால் கலந்த சீட்டு திரும்ப வராது.

சீட்டு இல்லாத ஆட்டத்திலும் இந்தக் காயம் உண்டு. 1997-ல் நியூயார்க்கில் டீப் ப்ளூ என்ற சதுரங்கக் கணினிக்கு எதிரான இரண்டாவது ஆட்டத்தில் காஸ்பரோவ் ராஜினாமா செய்தார். தொடர் செக் கொடுத்து அதைச் சமனாக்கியிருக்கலாம் என்பது பிறகுதான் தெரிந்தது. சதுரங்கத்தில் ராஜினாமா செயல்தான், கூற்று அல்ல. உலக வெற்றிவீரருக்கும் அது திரும்பவில்லை.

இப்போது என் மனத்துக்கு நெருங்கிய மேசைக்கு வருகிறேன். துனீ தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை: நான்கு பேர், எதிரெதிரே உட்காரும் இருவர் கூட்டாளி. இருபத்துநான்கு சீட்டு, கைக்கு ஆறு. ஜாக்குதான் பெரியது, 30 புள்ளி. அடுத்து ஒன்பது 20, ஏஸ் 11, பத்து 10, ராஜா 3, ராணி 2. மொத்தம் 304. 304 என்ற பெயரிலேயே ஒரு சீட்டாட்டம் ஆடும் யாழ்ப்பாணத்தார் இந்தக் கணக்கைப் பார்த்தவுடனே அடையாளம் கண்டுகொள்வார்கள். வெற்றியைப் ‘பால்’ (ball) என்று எண்ணுவோம், பொதுவாகப் பன்னிரண்டு பால் வரை. நிறத்துக்கு நிறம் போடாமல் ஏமாற்றிப் பிடிபட்டால் நான்கு பால் போகும். தப்பாகக் குற்றம் சாட்டினாலும் நான்கு பால் போகும்.

துனீயில் எழுதிய ஒரே விதிநூல் கிடையாது. வீட்டுக்கு வீடு, மண்டபத்துக்கு மண்டபம் மாறும். தவறுதலாக விட்டுக்கொடுப்பதைப் பற்றிப் பெரும்பாலான மேசைகளில் எந்தப் பேச்சும் இருப்பதில்லை. அதனால் வழக்கு வரும்போது குரல் பெரிதாக உள்ளவர் சட்டம் சொல்கிறார். இதைத்தான் மாற்ற வேண்டும் என்கிறேன்.

ஒரு போட்டியில் மாமாவும் மருமகனும் கூட்டாளி. இரண்டு சீட்டு பாக்கி இருக்கும்போது மாமா, “எடுத்துக்கோங்க, உங்க பால்” என்று சீட்டை மேசையில் விரித்துப் போட்டார். மருமகன் கையில் துருப்பு ஜாக் இருந்தது. அவன் வாயைத் திறக்கவில்லை. எதிரணி எல்லாவற்றையும் அள்ளியது. கட்டைக் கலைக்கும்போதுதான் யாரோ அந்த ஜாக்கைக் கவனித்தார்கள். “ஏன்டா சொல்லல?” என்று கேட்டதற்கு, “மாமா போட்டுட்டாங்க, அதுக்கு மேல நான் எப்படிப் பேசுறது, அங்கிள்?” என்றான். கலைந்த சீட்டு கலைந்ததுதான் என்று அன்று அது தோல்வியாகவே நின்றது. வேறு வழியும் இருக்கவில்லை.

பிரிட்ஜின் 68-ஆம் விதி இதற்கென்றே எழுதியது போல இருக்கிறது. தடுப்பு அணியில், அதாவது ஏலத்தில் வென்ற அணிக்கு எதிராக ஆடும் இருவரில், ஒருவர் விட்டுக்கொடுக்க முயன்று, கூட்டாளி உடனே மறுத்தால், விட்டுக்கொடுத்தலே நடக்கவில்லை என்று அர்த்தம். ஆட்டம் தொடரும். விரித்துக் காட்டிய சீட்டிலிருந்து தெரிந்துகொண்டதை அந்தக் கூட்டாளி தன் ஆட்டத்துக்குப் பயன்படுத்தக் கூடாது, அவ்வளவுதான். இரண்டு பேர் சேர்ந்து வைத்திருக்கும் சொத்தை ஒருவர் தனியாக எழுதிக்கொடுக்க முடியாது என்பதுதான் இதன் உள்ளே இருக்கும் நியாயம். துனீக்கும் அது முழுக்கப் பொருந்தும்.

ஆனால் அந்த விதியை அப்படியே எடுத்துவந்தால் நம் மண்டபத்தில் வேலை செய்யாது. உடனே மறுக்க வேண்டும் என்கிறது விதி. நம் பிள்ளைகள் மாமாவையும் பெரியப்பாவையும் நாலு பேர் முன்னால் உடனே மறுக்க மாட்டார்கள். அது நல்ல வளர்ப்பு, அதைக் குறை சொல்ல நான் தயாரில்லை. ஆகவே மறுக்கும் சுமையைப் பிள்ளை மேல் வைக்காமல், கேட்கும் கடமையை மேசை மேல் வைக்க வேண்டும். ஒருவர் சீட்டைப் போட்டால், எதிரணி எதையும் தொடுவதற்கு முன், அவர் கூட்டாளியிடம், “ஒத்துக்கிறீங்களா?” என்று கேட்டே ஆக வேண்டும். கேட்டால் பதில் சொல்வது மரியாதைக் குறைவு இல்லை. கேட்காமல் அள்ளினால் விட்டுக்கொடுத்தல் செல்லாது. அள்ளிய சீட்டைப் பிரித்தறிய முடியாமல் போனால் அந்தக் கையையே மறுபடி போட வேண்டும்.

தடயத்துக்கும் வழி செய்யலாம். வென்ற பிடிகளை ஒரே குவியலாகக் குவிக்காமல், நான்கு நான்காகக் குறுக்கும் நெடுக்கும் அடுக்கி, பால் எழுதி முடியும்வரை கலைக்காமல் வைத்தால் போதும். கைக்கு ஆறே சீட்டு, ஆறே பிடி. இதில் யாருக்கும் நேரம் வீணாகாது.

தவறுதலாகப் போட்டவருக்கு நான்கு பால் தண்டனை கேட்கும் பழக்கத்தையும் நிறுத்த வேண்டும். சில மேசைகளில் அப்படிக் கேட்பதைப் பார்த்திருக்கிறேன். நான்கு பால் என்பது மறைத்தவருக்கு. சீட்டைத் திறந்து எல்லார் முன்னாலும் போட்டவர் எதை மறைத்தார்?

நான் அதிகம் வலியுறுத்துவது இன்னொன்று. பிரிட்ஜின் 79-ஆம் விதியில் ஒரு பகுதி, தன் பக்கம் வெல்லாத பிடிக்கான புள்ளியையோ, எதிராளி தோற்கவே முடியாத பிடியின் விட்டுக்கொடுத்தலையோ ஓர் ஆட்டக்காரர் தெரிந்தே ஏற்கக் கூடாது என்கிறது. கடமை இங்கே வாங்குபவர் பக்கம் போகிறது. மேஜிக்கில் சும்மா இருக்கலாம், பிரிட்ஜில் தெரிந்தும் சும்மா இருப்பதே குற்றம். இதைப் பண்பு என்று விட்டுவிடாமல் விதியாகவே எழுதி வைத்திருப்பதை நான் மிகவும் மதிக்கிறேன். பிரிட்ஜில் எல்லாச் சீட்டும் கடைசியில் தெரியவரும் என்பதால் அது சாத்தியமாகிறது. துனீயிலும் தெரியவரும்.

இதைப் போட்டிக் குழுவில் சொன்னபோது ஒரு பெரியவர் நேராகவே கேட்டார்: “எதிராளி தூங்கினா நான் ஏன் தம்பி எழுப்பணும்? கவனமும் ஆட்டத்துல ஒரு பங்குதானே?” ஆமாம், பங்குதான். அவர் தவறான சீட்டை இறக்கினால் நீங்கள் எழுப்ப வேண்டாம். அது ஆட்டம், அந்தப் பிடியை நீங்கள் ஆடி வென்றீர்கள். ஆனால் அவர் ஆடாமல் போட்ட சீட்டில் உங்களால் எப்படி ஆடியும் வெல்ல முடியாத பிடி இருந்தால், அதை நீங்கள் எந்த ஆட்டத்தால் வென்றீர்கள்? நான் கேட்பது அந்தக் குறுகிய இடத்துக்கு மட்டும்தான். பிரிட்ஜ் விதியும் அதற்கு மேல் கேட்கவில்லை.

அவர் இன்னும் முழுவதும் சம்மதிக்கவில்லை. தெரிந்து சும்மா இருந்தாரா, தெரியாமல் இருந்தாரா என்று எப்படி நிரூபிப்பது என்பது அவருடைய அடுத்த கேள்வி, அது சரியான கேள்வியும்கூட. என் பதில், முதலில் தண்டனை எதுவும் வைக்க வேண்டாம், பிடியை மட்டும் உரியவருக்குத் திருப்பிக் கொடுப்போம் என்பது. கூட்டாளியைக் கேட்பது, பிடிகளை அடுக்கி வைப்பது, நான்கு பால் கேட்காதது, வெல்லாத பிடியை வாங்காதது: இந்த நான்கையும் தமிழிலும் ஆங்கிலத்திலும் ஒரே தாளில் எழுதி, முதல் சீட்டுப் போடுவதற்கு முன் ஒவ்வொரு மேசையிலும் வாசிக்க வேண்டும் என்பதில் குழு ஒத்துக்கொண்டிருக்கிறது. நான்காவதன் வாசகத்தை அந்தப் பெரியவரே எழுதித் தருவதாகச் சொல்லியிருக்கிறார்.